மடிக்கொடியில் கட்டிய ஏரியல்

தாத்தா இறந்த எட்டாம் நாள் காலையில் அத்தையின் பாட்டு ரேடியோவில் வருவதாக இருந்தது. இதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. வானொலி நிலையத்தார் பாட்டைப் பதிவு செய்துகொண்டு ஒலிபரப்பாகும் நாளைச் சொன்னபோது தாத்தா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மகளின் பாட்டைக் கேட்காமல் போகமாட்டேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தார். ஆனால் அவர் அவசரம் அவருக்கு.

கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் வழியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெரு எங்களுடையது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, நான். தாத்தா படுக்கையில் விழுந்த பிறகு அத்தையும் வந்து சேர்ந்தாள். அவள் அப்பாவின் தங்கை. பம்பாயில் வாழ்க்கைப்பட்டவள். அத்திம்பேரை அங்கே ஓட்டல் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு, தாத்தாவைப் பார்த்துக்கொள்ளப் பெட்டியோடு வந்துவிட்டாள்.

அத்தை பாடுவாள் என்பதை எங்கள் வீட்டில் ஒரு நல்ல குணமாகத்தான் சொல்வார்கள், கோலம் நன்றாகப் போடுவாள், அவியல் நன்றாகச் செய்வாள் என்று சொல்லும் அதே மூச்சில். கல்யாணத்துக்கு முன்பே அவள் ரேடியோ நிலையத்துக்குக் குரல் தேர்வுக்குப் போய்த் தேறாமல் திரும்பியிருந்தாள். பம்பாயிலும் போய்த் தேறவில்லை. இந்த முறை, தாத்தாவுக்குப் படுக்கையிலேயே எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர் பிடுங்கி எடுத்ததால் போனாள். தேறிவிட்டாள். கால்மணி நேரக் கச்சேரி. அவள் வாழ்க்கையில் முதல் கச்சேரி அதுதான்.

தாத்தா போனதும் அப்பா டிவியின்மேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார். அலமாரியில் இருந்த ரேடியோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பத்து நாள் தீட்டுக் காலத்தில் வீட்டில் பாட்டு என்ற பேச்சே இல்லை. அப்பா ஒரு விஷயத்தை யோசிக்க ஆரம்பித்தால் நெற்றியைத் தேய்ப்பார். மூன்றாம் நாள் சாயங்காலம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அத்தையிடம் வந்து நின்றார்.

"ரேடியோ ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லட்டே?"

"வேண்டாம்ணா. அவா போட்டுக்கட்டும். நாம கேக்கலேன்னா போறும்" என்றாள் அத்தை. அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நெற்றியை விட்டுவிட்டார்.

மறுநாள் எதிர்வீட்டு மாமி வந்தாள். துக்கம் நடந்த வீட்டில் வா என்று அழைக்கவும் மாட்டார்கள், போய்வருகிறேன் என்று விடைபெறவும் மாட்டார்கள். மாமியும் அப்படி வந்து வாசற்படியில் நின்றாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஒத்தாசை செய்கிறவளின் குரலில் சொன்னாள்: "நீ ஒண்ணும் வெஷமப்படாதே, கேட்டியா. அன்னிக்குக் காலம்பற இந்தத் தெருவிலே ஒருத்தரும் ரேடியோ தொறக்கமாட்டா. நான் வீடுவீடாப் போய்ச் சொல்லியாச்சு. உன் பாட்டு ஒருத்தர் காதிலேயும் விழாது."

அத்தை தலையை ஆட்டினாள். மாமி சொல்லிக்கொள்ளாமல் போனாள். அவள் நிஜமான அன்பில்தான் அதைச் செய்தாள். துக்க வீட்டுப் பெண்ணின் குரல் ஊரெல்லாம் ஒலித்தால் நாளைக்கு யாராவது ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற கவலை அவளுக்கு. ஆனால் அத்தை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றதை நான் பார்த்தேன். அத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த கச்சேரியை அவளைத் தெரிந்த ஒருவர்கூடக் கேட்கப்போவதில்லை. அவளும் கேட்கப்போவதில்லை. இது அநியாயம் என்று எனக்குத் தோன்றியது. பன்னிரண்டு வயதில் அநியாயம் என்று தோன்றிவிட்டால் சும்மா இருக்க முடியாது.

என்னிடம் அதற்கு ஒரு வழியும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சாஸ்திர மேளா என்று சொல்லும் அறிவியல் கண்காட்சிக்காக, கரண்டும் பாட்டரியும் இல்லாமல் பாடுகிற ரேடியோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அதன் உயிர் இரண்டே இரண்டு சாமான்களில் இருந்தது. செம்புக் கம்பியால் சுற்றிய ஒரு சுருள், தகடுகள் திரும்பும் கண்டன்சர் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து, ஒரு முனையை ஏரியலுக்கும் மறுமுனையை மண்ணுக்கும் கொடுக்க வேண்டும். காற்றில் வருகிற எல்லா நிலையங்களும் ஏரியலில் வந்து இறங்கும். கண்டன்சரைத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சுருளும் அதுவும் ஒத்துப்போகும். அப்போது ஒரு நிலையம் மட்டும் அங்கே தங்கும், மற்றதெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். தங்கியதை ஒரு டயோடு குரலாக்கி இயர்போனுக்குக் கொடுக்கும். படத்தில் இவ்வளவுதான்.

படத்தில் இல்லாததையெல்லாம் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் சுருளை ஒரு பவுடர் டப்பாவின்மேல் சுற்றினேன். அழகாக இருந்தது, ஆனால் மூச்சுப் பேச்சில்லை. டப்பா தகரம் என்பதும், தகரத்தின்மேல் சுற்றினால் சுருளின் வேலை கெட்டுப்போகும் என்பதும் விரல் சிவக்கச் சுற்றி முடித்த பிறகு உறைத்தது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கெஞ்சி வாங்கி, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் வாங்கிய கம்பியை மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். அப்போதும் பேசவில்லை. அந்தக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கிறது, முனைகளில் அதைப் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். சுரண்டினேன். கண்டன்சர் எங்கள் பழைய வால்வு ரேடியோவின் வயிற்றிலிருந்து எடுத்தது. அறைக்குள் தொங்கவிட்ட துண்டுக் கம்பியில் லேசாக முணுமுணுத்தது. தாத்தா இறப்பதற்கு முன்பே எல்லாம் தயார், சரியான ஏரியலைத் தவிர.

ஏரியலுக்கு நீளமான கம்பி வேண்டும், அது உயரத்திலும் இருக்க வேண்டும். ஓட்டின்மேல் ஏற என்னை விடமாட்டார்கள். அப்போதுதான் கொல்லைப்புறத்து மடிக்கொடி கண்ணில் பட்டது. குளித்துவிட்டு உடுத்த, யாரும் தொடாமல் வைக்கும் மடித்துணியை உலர்த்துவதற்காகக் கிணற்றடியிலிருந்து பின்சுவர் வரை, தலைக்குமேல் எட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பி. துணியைக் கையால் போடக் கூடாது என்பதால் கழியால்தான் போடுவார்கள், எடுப்பார்கள். இரண்டு முனையிலும் நைலான் கயிறு. கம்பி எதையும் தொடாமல் நின்றது. ஏரியலுக்காகவே யாரோ கட்டி வைத்ததுபோல இருந்தது. சாதாரண நாளில் அதன் பக்கமே போக முடியாது. ஆனால் இப்போது வீடே தீட்டு. மடி என்பதே பத்து நாளைக்குக் கிடையாது. கொடி சும்மா கிடக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கில் ஓர் ஆளை விட்டுவிட்டேன். கல்யாணமாகி வேறு குடும்பத்துக்குப் போன பெண்ணுக்குப் பெற்றோருக்கான தீட்டு மூன்று நாள்தான். அப்பாவுக்கும் காரியத்துக்கு வந்திருந்த சித்தப்பாவுக்கும் பத்து நாள், சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சித்திக்குப் பத்து நாள், தாத்தாவை இரண்டு தரம் மட்டும் பார்த்திருந்த சித்தப்பாவின் குழந்தைக்கும் பத்து நாள். கூடவே இருந்து எல்லாம் செய்த அத்தைக்கு நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்ததும் ஆயிற்று. அன்றிலிருந்து சுவாமி விளக்கு ஏற்றுவது அவள், தீட்டில்லாமல் வந்திருக்கும் உறவினர்களுக்குத் தனியாகச் சமைப்பது அவள். எது வேண்டுமானாலும் எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அப்பா ஆற்றங்கரைக்குப் போகும்போது வேண்டியதை எடுத்து வைக்கக் கூப்பிட்டார், சித்தி வெந்நீருக்குக் கூப்பிட்டாள், குழந்தை காரணமே இல்லாமல் கூப்பிட்டது. வீட்டில் மற்ற எல்லோரும் அவ்வப்போது ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். அத்தை சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். அத்தைக்கு மனசு கெட்டி என்று சித்தி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏழாம் நாள் மாலை அம்மாவிடம் விஷயத்தை உடைத்தேன். அம்மா சாஸ்திரத்துக்கும் பயப்படுவாள், நாத்தனார்மேல் பிரியமும் அதிகம். கேள்வி கேட்டுத்தான் முடிவு சொல்வாள்.

"கரண்ட் உண்டா?"

"இல்லே."

"பாட்டரி?"

"அதுவும் இல்லேம்மா."

"சத்தம் வெளியே வருமா?"

"காதிலே வெச்சவாளுக்கு மட்டும்தான்."

அம்மா முடிவு சொன்னாள். "பின்னே அது ரேடியோவே இல்லே. உன் ஸ்கூல் சாமான். அப்பாகிட்ட சொல்லாண்டாம்" என்றாள்.

பின்கட்டில் அரிசி டின்களும் பாத்திரங்களும் இருக்கும் அறையில் எல்லாவற்றையும் அமைத்தேன். மடிக்கொடியிலிருந்து ஒரு கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தேன். மண்ணுக்கான கம்பியைக் குழாயடியின் இரும்புக் குழாயில் சுற்றினேன். இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு கண்டன்சரை மெல்லத் திருப்பினேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு சட்டென்று ஒரு மனிதர் மலையாளத்தில் தேங்காய் விலை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை தெளிவாக. உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டு மடிக்கொடியிலிருந்து ஒரு குரல் இறங்கி என் காதுக்குள் வந்திருக்கிறது! கண்டன்சரின் குமிழ் நகராமல் இருக்க அதைச் சுற்றி, புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினேன். அத்தையிடம் சொன்னபோது அவள் என்னையே பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஷெரி, பாக்கலாம்" என்றாள்.

எட்டாம் நாள் காலையில் என்னை ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் சடங்குக்குப் போயிருந்தார்கள், எள் பொட்டலத்தை மறந்துவிட்டார்கள். எள்ளைக் கொடுத்துவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தபோது கூடத்துக் கடிகாரத்தில் நேரம் ஆகிவிட்டிருந்தது. முதலில் நான் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்கு எங்கே நேரம்? சமையலறைக்கு ஓடி, கரண்டியை அத்தையின் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு வந்து அரிசி டின்னுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார வைத்தேன். என்மேல் தீட்டு, அவள் இன்னொரு முறை குளிக்க வேண்டும் என்பதை இருவருமே அப்போது நினைக்கவில்லை. இயர்போனை அவள் காதில் வைத்தேன்.

"கேக்கறதா அத்தை?"

அவள் பேசாதே என்பதுபோலக் கையை மட்டும் உயர்த்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் போதும். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அம்மா அறைவாசலில் காவல் நின்றாள். சித்தி வந்து காப்பி ஆறிவிட்டது என்று ஆரம்பித்தாள். அம்மா, "இப்போ அவளைக் கூப்பிடாண்டாம்" என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்பினாள். குழந்தை வந்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டாள். தெருவில் எப்போதும் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டு ரேடியோவும் சேர்ந்து ஒலிக்கும். அன்று மாமியின் ஏற்பாட்டில் தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது. கிணற்று ராட்டினம்கூடச் சத்தம் போடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து பார்த்தேன். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இயர்போன் விழாமல் உள்ளங்கையால் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. சத்தமே இல்லாமல், உடம்பு முழுவதும் ஆட, அவள் அழுதுகொண்டிருந்தாள். தன் குரலைத் தானே ரேடியோவில் கேட்டால் யாருக்குத்தான் அழுகை வராது என்று நினைத்துக்கொண்டு கதவை மறுபடி சாத்தினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் கதவைத் திறந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள்.

"நன்னா இருந்துதா?"

"ரொம்ப நன்னா இருந்துதுடீ."

"மொதல்லே எதைப் போட்டா?"

அவள் ஒரு நொடி நின்றாள். "சஹானா" என்றாள். என் தலையில் கை வைத்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய், தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள்.

அத்தைக்கு அடுத்தபடியாக என் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. நிலையம் அந்த நேரத்தில் ஓயாது என்பது எனக்குத் தெரியும். சுருளைப் பார்த்தேன், குழாயில் சுற்றிய கம்பியைப் பார்த்தேன், கொல்லைக்கு ஓடினேன். மடிக்கொடியில் அத்தையின் ஒன்பது கஜம் புடவை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி கீழே துவைக்கும் கல்லின்மேல் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஏரியலில் வந்த அத்தனையும் புடவை வழியாகக் கல்லுக்கும் மண்ணுக்கும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கழியால் புடவையைத் தள்ளி எடுத்தேன். உள்ளே வந்து கேட்டால், செய்தி வாசிக்கிறார்கள், நேற்றுப்போலவே தெளிவாக.

நல்லவேளை, பாட்டு முடிந்த பிறகுதான் புடவை நழுவிக் கல்லில் பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அம்மா கொடியைப் பார்த்தாள், தரையில் கிடந்த புடவையைப் பார்த்தாள்.

"புடவையை எடுத்தப்பறம்தான் உனக்குக் கேட்டுதா?"

"ஆமாம்மா."

அம்மா சமையலறைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஷெரி. போய்க் குளி" என்றாள்.

பதின்மூன்றாம் நாள், துக்கத்தை முடித்துவைக்கும் சுபம் என்ற சடங்கு முடிந்து அத்தை பம்பாய்க்கு ரயில் ஏறினாள். நான் மேளாவில் என் ரேடியோவை வைத்து, இதில்தான் எங்கள் அத்தை தன் முதல் கச்சேரியைக் கேட்டாள் என்று வந்தவர்களிடமெல்லாம் மலையாளத்தில் பிரசங்கம் செய்தேன். அத்தை அங்கே போய்க் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள் என்று கேள்விப்பட்டோம். ரேடியோவில் அவள் மறுபடி பாடவில்லை.

நான் பிறகு மின்னணுவியல் படித்தேன். இப்போது பாலிடெக்னிக்கில் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அந்தச் சுருளையும் கண்டன்சரையும் இணைத்துக் காட்டுகிறேன். ஈரம் எப்படி ஏரியலை மண்ணோடு சேர்த்துவிடும் என்பதை என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டுப் புடவையைப் பற்றிப் போன வருஷம் வரை யோசித்ததில்லை. சுவாமி விளக்கை ஏற்றும் முன்பே, விடியற்காலையில் குளித்ததும் துவைத்து உலர்த்துகிற புடவை அது. போட்டபோதே அதன் நுனி கல்லைத் தொட்டிருக்கும், நடுவில் நழுவி விழுவதற்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பருவத்து ஈரத்தில் அது காலையெல்லாம் அப்படியேதான் தொங்கியிருக்கும்.

போன வருஷம் அப்பா போனார். பூஜப்புரையில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு, கரமனையில் அப்பா வீடு. கடைசி மாதங்களில் நான் கரமனையிலேயேதான் இருந்தேன். நாலாம் நாள் காலையில் சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் என்னைப் பார்த்து, "உங்களுக்கு மூணு நாள் ஆச்சு. நீங்க வெளக்கேத்தலாம்" என்றார். ஏற்றினேன். அப்புறம் அடுப்பை ஏற்றினேன். சாயங்காலத்துக்குள் எத்தனை பேர் எத்தனை முறை என்னைக் கூப்பிட்டார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்து அழ ஓர் இடமில்லை.

அன்று அத்தை மும்பையிலிருந்து போன் செய்தாள். ரயிலேற முடியாத வயது. அண்ணாவைப் பற்றிக் கேட்டாள், அம்மாவைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "நீ அழுதியோ?" என்று கேட்டாள். வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நான், "அத்தை, அன்னிக்கு அந்த ரேடியோவிலே உனக்கு ஏதாவது கேட்டுதா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலைடீ. அந்தப் பாட்டை நான் இன்னிவரைக்கும் கேட்டதில்லே. நீ கதவைச் சாத்தினே. ஒருத்தரும் என்னைக் கூப்பிடலை. அப்பா போனதுக்கு நான் அன்னிக்குத்தான் அழுதேன்."

வெளிச்சத்தம் உள்ளே போய் அவள் பாட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் நான் அந்தக் கதவைச் சாத்தியிருந்தேன்.